கரி எடுத்த பிறகு மக்கர் செய்த 15 எச்பி அவுட்போர்டு

எஞ்சினுக்குள் படிந்த கரியை எடுத்தால் எஞ்சின் புதுசு போல ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கரி எடுத்த கையோடு பிளக் அடித்துப்போய் (கரியோ ஆயிலோ பிடித்துப் பொறி வராமல் போய்), ஐடிலில், அதாவது த்ராட்டில் திறக்காத குறைந்த வேகத்தில், நிற்காமல் உதறி, கடைசியில் ஒரு சிலிண்டர் வேலையே செய்யாமல் போகிற எஞ்சினும் உண்டு. மச்சானின் வள்ளத்தில் மாட்டியிருக்கும் 15 எச்பி அவுட்போர்டு அந்த ரகம். பிளக் மாற்றினால் சரியாகும். கொஞ்சம் கடலோடிவிட்டு வந்தால் மறுபடியும் அதே தொல்லை. கரி எடுத்ததில்தான் ஏதோ கெட்டுவிட்டது என்று கரையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கோளாறு இருந்தது வேறு இடத்தில்.

எஞ்சின் டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், 246 சிசி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வகை. பிளக் என்ஜிகே பி7எச்எஸ்-10. கடைசியில் வரும் 10 என்பது பொறி தாண்டும் 1 மி.மீ. இடைவெளியைக் குறிக்கும். வள்ளம் குளச்சல் பக்கம் நிற்கிறது. கணவாய்க்குப் போவார்கள், தூண்டில் இழுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவார்கள். முழு வேகம் என்பது போகும்போதும் வரும்போதும் மட்டும்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இப்படி ஊர்ந்துகொண்டே கிடப்பதைவிடக் கெடுதலான பிழைப்பு கிடையாது. வேகம் குறைந்தால் சூடு குறைவு. சூடு குறைந்தால் ஆயில் முழுதாக எரியாது. எரியாத ஆயில் பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் வாயிலும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்குப் பின்னாலும் கரியாகப் படியும்.

அவர்கள் சொன்ன குறை: இழுவை குறைந்துவிட்டது, புகை கூடிவிட்டது, காலையில் கயிறு இழுத்துக் கை வலிக்கிறது. சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தேன். மேல் சிலிண்டர் 110 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 90. இரண்டுக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சும்மா விடக்கூடாது. பிளக் துளை வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டன் தலையில் தார் ரோடு தெரிந்தது. கீழ் சிலிண்டரில் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு விரிய முடியாமல் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

ஆர்எக்ஸ்100 காலத்து ஆட்களுக்குக் கரி எடுப்பது என்றால் ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவது, சைலன்சரைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது. பைக்குக்கு அது சரி. உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் கிடந்த அவுட்போர்டில் ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் சாமி கும்பிட வேண்டும். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட் உப்பேறிப் பிடித்திருக்கும். ஒன்று ஒடிந்தால் அன்றைய வேலை அதோடு போயிற்று. அதோடு, ஹெட்டைக் கழற்றினாலும் ரிங் பள்ளத்துக்குள் இருக்கும் கரியைத் தொட முடியாது. எனவே, நுரைத்துவரும் கரி கரைக்கும் ஸ்பிரே ஒன்றை வாங்கினேன்.

ஸ்பிரேயைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவுட்போர்டில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நெட்டுக்குத்தாக நிற்கும், சிலிண்டர்கள் படுத்திருக்கும். பிளக் துளை வழியாகத் திரவத்தை ஊற்றினால் அது சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தேங்கும். மேல் பாதியில் இருக்கும் ரிங் நனையவே நனையாது. நுரை என்றால் எல்லாப் பக்கமும் அப்பிக்கொள்ளும்.

வேலை எளிது, ஆனால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எஞ்சினை நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கினேன். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பிளக்கோடு நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஐடிலைச் சற்று ஏற்றி, கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். எஞ்சின் திணறும், வெள்ளைப் புகை கக்கும். கடைசியாக நிறைய அடித்து மூச்சு முட்டவைத்து நிறுத்தினேன். பிறகு பிளக்கைக் கழற்றி இரண்டு சிலிண்டருக்குள்ளும் நேரடியாக நுரையை நிரப்பி, கையால் ஃப்ளைவீலைச் சுற்றிச் சுற்றி ஊறவிட்டேன். ராத்திரி முழுதும் ஊறட்டும் என்று சிலர் விடுவார்கள். ஒரு ராத்திரி பரவாயில்லை, வாரக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. இந்தத் திரவம் பேரிங்கில் இருக்கும் ஆயிலையும் கழுவி எடுத்துவிடும். கடல் காற்றில் துரு ஏற அது போதும்.

மறுபடி கிளப்பியபோது தெருவே புகைமூட்டம். டிரம் தண்ணீரின் மேல் கறுப்பு ஏடு படிந்தது. அடங்கியதும் கம்ப்ரஷன் பார்த்தேன்: மேலே 112, கீழே 108. ரிங் விடுபட்டுவிட்டது. இந்த எண்ணைக் குறித்துவைத்தது பின்னால் பெரிய உதவி. கரி எடுத்ததால்தான் எஞ்சின் கெட்டது என்று ஆளாளுக்குச் சொன்னபோது, இல்லை என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் இதுதான்.

டிரம்மில் ஓடுவது ஓட்டமே இல்லை. சுமையோடு கடலில் ஓட்டினால்தான் தளர்ந்த கரி வெளியே போகும். பழைய பிளக்கோடு வள்ளத்தைத் தள்ளி இறங்கினோம். முதல் ஓட்டம் கண்றாவி. ஐடிலில் நிற்கவில்லை, த்ராட்டில் திறந்தால் ஒரு சிலிண்டர் விட்டு விட்டுப் பிடித்தது. இது எதிர்பார்த்ததுதான். கரையேறிப் பிளக்கைக் கழற்றியபோது இரண்டும் கன்னங்கரேல் என்று ஈரமாக இருந்தன. மேல் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு கரித்துணுக்கு பாலம் போட்டு உட்கார்ந்திருந்தது. பாலம் விழுந்துவிட்டால் தீப்பொறிக்கு அங்கே வேலையில்லை. கரண்ட் கரி வழியாகவே நேராகப் போய்விடும்.

பாலம் இல்லாவிட்டாலும் பிளக் அடிக்கும். நடு முனையைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் இருக்கிறதே, அதன் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் மேலே படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் கீழே இருந்தால் கரி பூசிக்கொண்டே வரும். கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் வோல்டேஜ் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும் அளவுக்கு ஏறுவதற்குள், பீங்கானின் மேல் பூசிய கரி வழியாக உடம்புக்குக் கசிந்துவிடும். மல்டிமீட்டரில் மெகா ஓம் அளவில் வைத்து நடு முனைக்கும் இரும்பு உடம்புக்கும் இடையே பார்த்தால் இது தெரிந்துவிடும். புதுப் பிளக்கில் மீட்டர் எதையும் காட்டாது, அவ்வளவு பெரிய எதிர்ப்பு. என் கையில் இருந்த கீழ்ப் பிளக் அரை மெகா ஓம் கூடக் காட்டவில்லை. வெளியே எடுத்துப் பார்க்கும்போது பொறி வருகிறதே என்று சிலர் வாதாடுவார்கள். வெளிக்காற்றில் வரும். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் பொறி தாண்ட இன்னும் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், அப்போதுதான் கசிவு ஜெயிக்கும்.

கம்பி பிரஷ் போட்டு இந்தப் பிளக்கைத் தேய்க்காதீர்கள். பிரஷ்ஷின் உலோகம் பீங்கான் மேல் கோடு கோடாக ஒட்டிக்கொள்ளும். கரி போய் கம்பி வந்த கதையாகிவிடும். அவசரத்துக்குக் கார்ப் கிளீனர் அடித்து உலர்த்திப் போட்டுக் கரை சேரலாம். கரி எடுக்கும் வேலைக்கென்று ஒரு ஜோடிப் பழைய பிளக், வேலை முடிந்ததும் ஒரு ஜோடிப் புதுப் பிளக், இதைச் செலவில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பிளக்கில் போலி நிறையத் திரிகிறது, அதனால் பில் போட்டுத் தரும் கடையில் வாங்கினேன். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்து, விரலால் கடைசி மரை வரை ஏற்றி, பிறகு ஸ்பேனர் போட்டேன்.

புதுப் பிளக் போட்டதும் எஞ்சின் பறந்தது. மச்சானுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷம் கணவாய்க்குப் போய்வரும் ஒரு ஓட்டத்துக்குக் கூடத் தாங்கவில்லை. முழு வேகத்தில் போகும்போது ஒரு குறையும் இல்லை; மெதுவாக ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் உதறல், பிறகு ஐடிலில் அணைந்துவிடுகிறது. திரும்பி வர த்ராட்டிலைத் திறந்தால் மொத்தமாக ஒரு புகை மண்டலம், சிறிது தடுமாற்றம், அப்புறம் தெளிந்து ஓடுகிறது. “மக்கா, கரி எடுக்கதுக்கு முன்னால ஓடுனது இதவிடத் தேவலையே” என்றான். பிளக்கைக் கழற்றினேன். மேல் பிளக் நல்ல பழுப்பு. கீழ் பிளக் எண்ணெயில் முக்கி எடுத்தது போல.

கரையில் ஒருவர் சொன்ன யோசனை, சூடான பிளக் போடு என்பது. பி7க்குப் பதில் பி6. என்ஜிகே கணக்கில் எண் குறையக் குறைய பிளக் சூடானது, மூக்கு சீக்கிரம் 450 டிகிரியைத் தொடும், கரி எரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனோடு நிறைந்த வள்ளத்தை முழு த்ராட்டிலில் இழுத்துவரும்போது அதே மூக்கு அளவுக்கு மீறிச் சூடேறி, பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்தால் பிஸ்டனில் ஓட்டை. அதைவிட எனக்கு இடித்தது வேறு விஷயம்: சூடு போதாதது காரணம் என்றால் இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி அல்லவா அடிக்க வேண்டும்? ஒரே கார்புரேட்டர், ஒரே ஆயில், ஒரே பெட்ரோல். கீழ் சிலிண்டர் மட்டும் ஏன்?

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் அந்த ஈரம் என்ன ஈரம் என்று தெரிய வேண்டும். பிளக்கை நியூஸ் பேப்பரில் ஒற்றி எடுத்து வெயிலில் வைத்தேன். பெட்ரோல் என்றால் உலர்ந்து போகும், தண்ணீர் என்றால் முத்து முத்தாகத் திரளும், ஆயில் என்றால் காகிதம் கண்ணாடி போல ஆகி அப்படியே இருக்கும். கண்ணாடிதான். தண்ணீர் இல்லை என்றதும் பாதி நிம்மதி. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, பிஸ்டன் தலையை ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கழுவி வைத்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்ததில் அந்த அடையாளமும் இல்லை.

அடுத்து, மேலும் கீழும் பிளக்கை மாற்றிப் போட்டு ஓட்டினேன். நன்றாக இருந்த பிளக் கீழே போனதும் நனைந்தது. நனைந்ததைத் துடைத்து மேலே போட்டதும் உலர்ந்து ஓடியது. ஆக, குற்றம் பிளக்கில் இல்லை. ஸ்பார்க் டெஸ்டரில் இரண்டு ஒயரிலும் ஒரே அளவுக்கு நீலப் பொறி குதித்தது. பிளக் கேப்பைக் கழற்றி ஒயர் நுனியைப் பார்த்தேன், பச்சை பிடித்த நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத் திருகி மாட்டினேன். வித்தியாசம் ஏதும் இல்லை. கம்ப்ரஷன் மறுபடி பார்த்ததில் அதே 112, 108. இந்தச் சோதனையின்போது த்ராட்டில் முழுதும் திறந்திருக்க வேண்டும், ஒயர்கள் இரண்டும் எஞ்சின் உடம்பில் தொட்டிருக்க வேண்டும். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கயிறு இழுத்தால் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியான சிடிஐ போய்விடலாம்.

ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பொறியைத் தடுத்துப் பார்த்தேன். மேல் சிலிண்டரைத் தடுத்தால் எஞ்சின் சாகிறது. கீழ் சிலிண்டரைத் தடுத்தால் எந்த மாற்றமும் இல்லை. அதாவது ஐடிலில் கீழ் சிலிண்டர் சும்மா கூட வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் அரக்கு மாதிரி கறை இருந்தது. கரி கரைக்கும் திரவம் போகிற வழியில் இருக்கும் பழைய பிசினையும் இளக்கிவிடும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் அதுவும் தன் பங்குக்கு டாங்க், ஹோஸ் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. ஜெட்டைச் சுத்தம் செய்து, ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் வைத்ததும் ஐடில் கொஞ்சம் திருந்தியது. கீழ் பிளக் மட்டும் திருந்தவில்லை. ஒரே கார்புரேட்டரில் இருந்து இரண்டு சிலிண்டருக்கும் போகும்போது அது நியாயம்தான். கோளாறு கார்புரேட்டரைத் தாண்டி, வழி இரண்டாகப் பிரிந்த பிறகு இருக்கிறது. கலவையை உள்ளே விட்டுத் திரும்ப வராமல் மூடிக்கொள்ளும் ரீட் வால்வ் இதழ்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒடிந்ததோ, தூக்கிக்கொண்டு நிற்பதோ எதுவும் இல்லை. ஆனால் ரீட் தட்டைக் கழற்றியபோது கீழ் சிலிண்டரின் பக்கம் கறுப்பு ஆயில் குளம் கட்டி நின்றது. மேலே வெறும் ஈரம் மட்டும்.

இங்கேதான் விஷயம் பிடிபட்டது.

டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக மூடிய கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் சுழலும் அறை. பெட்ரோலும் ஆயிலும் முதலில் அங்கேதான் வரும். பெட்ரோல் ஆவியாகி மேலே போய்விடும். கனமான ஆயில் சுவரில் வழிந்து அடியில் தேங்கும். வேகமாக ஓடும்போது காற்றின் வேகமே அதை அள்ளிக்கொண்டு போகும். மெதுவாக ஓடும்போது அள்ள ஆள் இல்லை. இதற்காகவே பல அவுட்போர்டுகளில் கிராங்க் கேஸின் அடியில் ஒரு சின்ன நிப்பிள் வைத்து, அதிலிருந்து ஒரு ஹோஸ், நடுவில் ஒரு ஒருவழி வால்வு என்று வைத்திருப்பார்கள். இந்த எஞ்சினில் கீழ் கிராங்க் கேஸில் தேங்குவது மேல் சிலிண்டரின் உள்வழிக்குப் போகிறது. கீழ் பிஸ்டன் வெளியே இருந்து கிராங்க் பக்கம் வரும்போது அதன் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். அதே நேரத்தில் மேல் பிஸ்டன் எதிர்த் திசையில் போவதால் அங்கே உறிஞ்சல் இருக்கும். ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, தேங்கிய ஆயில் மேலே போய் எரிந்துவிடும். தனியாக பம்ப் எதுவும் இல்லை, அழகான ஏற்பாடு.

ஹோஸைப் பிடுங்கினேன். விரல் தடிப்பில் ஒரு பிளாஸ்டிக் வால்வு. ஒரு பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும், மறு பக்கம் ஊதினால் அடைக்க வேண்டும். இதில் இரண்டு பக்கமும் அடைப்பு. வாயில் பட்ட சுவையைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு துண்டு சுத்தமான ஹோஸை மாட்டி ஊதுங்கள். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் குலுக்கியதும் உள்ளே இருந்து கறுப்புக் கூழ் வந்தது.

கரி எடுத்த பிறகுதான் ஏன் இது ஆரம்பித்தது என்பதற்கும் அந்தக் கூழ்தான் பதில். கார்புரேட்டர் வாயில் அடித்த ஸ்பிரே நேராக சிலிண்டருக்குப் போவதில்லை. கிராங்க் கேஸைச் சுற்றிவிட்டுத்தான் போகிறது. அங்கே பல வருஷமாகச் சுவரில் காய்ந்து ஒட்டியிருந்த ஆயில் பிசினை அது இளக்கியது. இளகியது அடியில் இறங்கியது. அடியில் இருந்த ஒரே வடிகால் இந்த ஹோஸ். அதன் நடுவே மிகக் குறுகலான இடம் அந்த வால்வு. போய் அடைத்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு முறை மெதுவாக ஓட்டும்போதும் கீழே ஆயில் சேரும், த்ராட்டிலைத் திறந்ததும் மொத்தமாகக் கீழ் சிலிண்டருக்குள் பாயும், பிளக் முழுகும். அந்தப் புகை மண்டலத்துக்கும் இதுதான் விளக்கம்.

கழுவிய வால்வே வேலை செய்தது, இருந்தாலும் புதுசு போட்டேன். பெரிய விலை இல்லை. மாட்டும்போது திசை முக்கியம்; அம்புக்குறி ஆயில் போகும் பக்கம் பார்க்க வேண்டும். உறைந்து கெட்டியான பழைய ஹோஸுக்குப் பதில் பெட்ரோல் தாங்கும் தெளிவான ஹோஸ் போட்டேன். ஐடிலில் ஓடவிட்டால் அதற்குள் ஆயில் துளிகள் விட்டு விட்டு நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது. இனிமேல் அடைத்தால் கவரைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

பிளக் இரண்டும் இப்போது ஒரே நிறத்துக்கு வந்தன. ஆனால் அந்த ஒரே நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டுமே உலர்ந்த கறுப்பு, புகைக்கரி போல. கீழ் சிலிண்டருக்கு மட்டும் இருந்த வியாதி போய், இரண்டுக்கும் பொதுவான வியாதி வெளியே தெரிந்தது. முதலில் கரி பிடித்ததே எதனால் என்ற கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஹெட்டில் காட்டினேன். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் 38 டிகிரியைத் தாண்டவில்லை. டிரம்மில் இருந்த தண்ணீர் 29. கை வைத்தால் வெதுவெதுப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. எஞ்சின் சூடாகும் வரை குளிர்விக்கும் தண்ணீரைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும் என்று நினைத்து மூடியைக் கழற்றப் போனேன்.

மூடியில் இருப்பது சின்ன போல்ட்டுகள், 10 ஸ்பேனர் பிடிக்கும் தலை. இவற்றில்தான் அதிக நேரம் போனது. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, பித்தளைக் கம்பியை வைத்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பொறுமையாகத் தட்டினேன். பிறகு மூடியைச் சுற்றி ஹீட் கன்னால் சூடு. அலுமினியம் ஸ்டீலைவிட அதிகம் விரியும், அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. ஸ்பேனரை ஒரே இழுப்பாக இழுக்காமல், கொஞ்சம் கழற்று, கொஞ்சம் இறுக்கு, மறுபடி கழற்று. கிரீச்சென்ற சத்தம் வந்தால் நல்ல செய்தி. சத்தமே இல்லாமல் போல்ட் மெத்தென்று சுற்றினால் அது கழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது. உடனே நிறுத்த வேண்டும். ஒன்றுகூட ஒடியாமல் வந்தன. திரும்ப மாட்டும்போது மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மரைன் கிரீஸ் தடவினேன். அடுத்து கழற்றப்போகிறவர் வாழ்த்துவார்.

உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் குழி. எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டிருக்கிறார். நம் கரையில் இது சகஜம். உப்புப் படிந்து தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துப் போகும். நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே, கழற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று செய்கிறார்கள். அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை என்ன என்றால், எஞ்சின் வாழ்நாள் முழுதும் குளிரிலேயே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் எரியாது, கரி படியும், பிளக் அடிக்கும். முழு த்ராட்டிலில் ஓடிக்கொண்டே இருக்கிற எஞ்சின் இதைச் சமாளிக்கும். கணவாய்க்குப் போய் மணிக்கணக்கில் ஊரும் எஞ்சின் சமாளிக்காது.

புதுத் தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் சோதித்தேன். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினால் 50 டிகிரி வாக்கில் வாய் பிளக்க ஆரம்பித்து 60இல் முழுதும் திறந்தது. மாட்டிய பிறகு ஹெட் 55ஐ ஒட்டி நிற்கிறது. சிக்கிக்கொள்ளாமல் இருக்க வழி, கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுவதுதான். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குச் சூடாகும் வரை ஓட வேண்டும். இரண்டு நிமிஷம் ஓட்டி அணைத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் உப்பு அங்கேயே இருக்கும்.

மிச்சம் ஆயில். மச்சான் லிட்டருக்கு 40 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தான், அதுவும் பைக் கடையில் வாங்கிய 2டி ஆயில். “ஆயில் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதானே மச்சான்” என்றான். இல்லை. இந்த எஞ்சினுக்கு 50:1, லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டாங்க்குக்கு அரை லிட்டர். கூடுதல் ஆயில் கூடுதல் கரி. இதில் யாரும் கவனிக்காத இன்னொன்று, ஜெட்டின் துளை அதே துளைதான்; அதற்குள் ஆயில் அதிகம் போனால் பெட்ரோல் குறைவாகப் போகும், கலவை மெலிந்துவிடும். பைக் ஆயில் காற்றில் குளிரும் சூடான எஞ்சினுக்கானது. அதில் உலோகச் சேர்க்கைகள் இருக்கும், எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் சாம்பல் விடாத ஆயில் வேண்டும். விலை கூடத்தான். அளவு பாதியாகிவிட்டதால் மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகே ஒத்துக்கொண்டான்.

எல்லாம் மாட்டிப் புதுப் பிளக் போட்டுக் கடலில் பார்த்தோம். பிளக்கைப் படிக்க வேண்டுமென்றால் எந்த வேகத்தில் சந்தேகமோ அந்த வேகத்தில் சிறிது நேரம் ஓட்டி, அங்கேயே சுவிட்சை அணைத்துக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலில் கரைக்கு வந்து கழற்றினால் தெரிவது ஐடிலின் நிறம். அலையில் ஆடும் வள்ளத்தில் பின்பக்கம் குனிந்து பிளக் கழற்றுவது சுகமான வேலை அல்ல, ஸ்பேனரைக் கையில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஊர்ந்து ஓட்டிப் பார்த்ததில் இரண்டும் அடர் பழுப்பு, உலர்ந்திருந்தன. முழு த்ராட்டிலில் வெளிர் பழுப்பு. டாக்கோமீட்டரில் 5200 ஆர்பிஎம். 4500க்கும் 5500க்கும் நடுவே இருக்க வேண்டியது, இருந்தது. கீழ் ஒயரைத் தடுத்தால் இப்போது எஞ்சின் தள்ளாடுகிறது. அது உழைக்கிறது என்று அர்த்தம்.

காலையில் முதல் கிளப்பலில் மட்டும் இன்னும் கொஞ்சம் புகை வருகிறது. அதற்குக் காரணம், ஓட்டம் முடிந்த உடனே எஞ்சினை மேலே தூக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். கிராங்க் கேஸில் மிஞ்சியிருக்கும் ஆயில் அப்படியே சிலிண்டர் பக்கம் வழிகிறது. கரைக்கு வரும் முன்பே பெட்ரோல் ஹோஸைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓடவிட்டு, தூக்குவதற்கு முன் சிறிது நேரம் நேராக நிற்கவிடச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் பழசாகிவிட்டது, தெர்மோஸ்டாட் போட்ட எஞ்சினில் அதை இனி அலட்சியமாக விட முடியாது. அடுத்து அதைத்தான் மாற்ற வேண்டும்.